விளம்பரம் இல்லாத அத்தியாயம்

போன வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்காரர் குன்றக்குடியில் மொட்டை அடித்துக்கொண்டார்.

இதில் என்ன அதிசயம் என்று கேட்பீர்கள். குன்றக்குடிக்குப் போய் மொட்டை அடித்துக்கொள்வது எங்கள் காரைக்குடிப் பக்கத்தில் ஒரு செய்தியே இல்லைதான். ஆனால் எங்கள் வீட்டுக்காரரை உங்களுக்குத் தெரியாது. வேண்டுதல், நேர்த்திக்கடன் என்று யாராவது பேச்செடுத்தால், "சாமி என்ன தாலுகா ஆபீஸா? காரியம் முடிஞ்சதும் கவனிச்சுக்கிறேன்னு சொல்றதுக்கு?" என்று கேட்கிறவர். தாலுகா ஆபீசிலேயே குமாஸ்தாவாக இருந்து ரிட்டயர் ஆனவர் என்பதால், அதைக் கேட்க அவருக்கு உரிமை உண்டு. தவிர, இந்த வயதிலும் அடர்த்தி குறையாத முடி. தினமும் எண்ணெய் தடவி, கண்ணாடி முன் நின்று, வகிடு கோணாமல்... அதில் அவருக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

தெருவில் விசாரித்தவர்களுக்கு ஆளுக்கொரு காரணம் சொன்னார். ஒருவரிடம் வெயில். இன்னொருவரிடம் பொடுகு. எதிர்வீட்டு ஆச்சியிடம் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. ஆச்சியும் கேட்கவில்லை.

எனக்குக் காரணம் தெரியும். அதைச் சொல்ல வேண்டுமென்றால், போன மாதம் நான் படித்ததையெல்லாம் சொல்ல வேண்டும்.

படித்தது என்று எழுதிவிட்டேன்... பிறர் படிக்கக் கேட்டது என்பதுதான் சரி.

பத்திரிகையில் நான் எழுதும் இந்தப் பத்தி ஒரு மாதமாக ஏன் வரவில்லை என்று பலர் விசாரித்திருந்தீர்கள். எனக்குக் கண் ஆபரேஷன். மதுரையில் போய்ப் புரை எடுத்துக்கொண்டு வந்தேன். இது இரண்டாவது கண். முதல் கண்ணுக்குச் சில வருஷங்களுக்கு முன்பே செய்தாயிற்று. அது பலிக்கவில்லை.

அந்த முதல் தடவை, ஆஸ்பத்திரியில் கட்டோடு படுத்திருந்தபோது ஒரு தந்தி வந்தது. "என்ன தந்தி?" என்று கேட்டேன். இவர் பிரித்துப் படித்தார். எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே. வேறு மாதிரி படிக்க அவருக்குத் தெரியாது. நாட்டரசன்கோட்டையில் இருந்த என் தம்பி இறந்துபோய்விட்டான் என்று தந்தி சொன்னது. நான் அழுதேன். யார் சொல்லியும் கேட்காமல் அழுதேன். தையல் விட்டுப்போய், அந்தக் கண்ணுக்கு அப்புறம் வெளிச்சமே வரவில்லை.

அந்தத் தந்தியைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொண்டதே இல்லை. நான் அவரைக் குறை சொன்னதும் இல்லை. வந்த தந்தியைப் படிக்காமல் மனிதர் என்ன செய்வார்?

இந்தத் தடவை டாக்டர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார். "குனியக்கூடாது. இருமக்கூடாது. தலைக்குக் குளிக்கக்கூடாது. முக்கியமா அழக்கூடாதும்மா. இதுவும் போச்சுன்னா கையிருப்புல வேற கண்ணு இல்லை, ஞாபகம் இருக்கட்டும்."

சொன்னது என்னிடம். கேட்டுக்கொண்டது இவர்.

கண் இல்லாமல் நான் என்ன செய்வேன்? சமையலைத் தடவித் தடவிச் செய்துவிடலாம். இந்தப் பத்தியைக்கூட யாரிடமாவது வாயால் சொல்லி எழுதவைக்கலாம். ஆனால் படிப்பது? மளிகைக்கடைப் பொட்டலத்தைப் பிரித்தால், சீரகத்தைக் கொட்டிவிட்டு முதலில் காகிதத்தைப் படிக்கிற ரகம் நான். ஊருக்குத் திரும்பி, கட்டோடு கட்டிலில் கிடந்தபோது எனக்கு இருந்த பயம் அந்த ஒன்றுதான்.

இவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"நான் வேணா வாசிக்கட்டுமா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டேன் — சிரிக்கலாமா கூடாதா என்று டாக்டர் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து ஒரு கதைகூடப் படித்தறியாதவர். "நடக்காததையெல்லாம் எழுதி வச்சிருக்கான். அதையும் வேலை மெனக்கெட்டு வாசிக்கிறியே" என்று என்னைக் கேலி செய்தவர்.

ஆரம்பமாயிற்று எங்கள் வாசிப்பு மாதம்.

முதலில் செய்தித்தாள். மேலே தேதியிலிருந்து கீழே அச்சிட்டவர் பெயர் வரை. கண்மாய் மீன் ஏலம், பஸ் நேர மாற்றம், தங்கம் விலை — ஒன்றையும் விடவில்லை. அடுத்தது நிலக்கடலைச் சாகுபடி பற்றி ஒரு கையேடு. எங்களுக்கு ஒரு குழி நிலம்கூடக் கிடையாது. "அச்சுல இருந்தா எல்லாம் படிப்புத்தான்" என்றார். வெளியே பூத்துவிட்டு, காய்ப்பதற்காக மண்ணுக்குள் இறங்குகிறது கடலை என்பதை இத்தனை வயதுக்குப் பிறகு தெரிந்துகொண்டேன்.

ஒரு மாத நாவல். துப்பறியும் கதை. இரண்டாவது அத்தியாயத்தில் நிறுத்திவிட்டுக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். "டிரைவர்தான் கொன்னுருக்கான். இன்னமும் வாசிக்கணுமா?" என்று கேட்டார். அந்த நாவல் அதோடு முடிந்தது.

சமையல் புத்தகம் இன்னும் மோசம். "உப்பு, தேவையான அளவுன்னு போட்டிருக்கு. யாருக்குத் தேவையான அளவு? இப்படி ஒரு உத்தரவு போட்டா யாருக்கு என்ன வெளங்கும்?"

இப்படியாகத் தொடர்கதைக்கு வந்து சேர்ந்தோம்.

வாரப் பத்திரிகையில் வந்துகொண்டிருந்த கதை. மெட்ராசில் சுகந்தி என்று ஒரு பெண். புதிதாகக் கல்யாணமானவள், நெஞ்சில் கோளாறு. ரகு என்று தங்கமான கணவன். அதை விட்டுவிட முடியாமல்தான் நான் தவித்துக்கொண்டிருந்தேன்.

இவர் படித்தார். பக்கத்தில் என்னென்ன இருக்கிறதோ அத்தனையையும் படித்தார்.

"'என்னை மறந்துவிடுங்கள் என்று விம்மினாள் சுகந்தி. இருமலா? சளியா? காலை, மாலை இரண்டு ஸ்பூன்...'"

"சுகந்திக்கு இருமலா?"

"இல்ல, இது கட்டம் கட்டிப் போட்டிருக்கு. விளம்பரம்."

"அத விட்டுட்டு வாசிங்களேன்."

"காசு குடுத்து வாங்குனது. இதுக்கும் சேத்துத்தான காசு?"

அப்படியே இருமலும் சளியும் சோப்பும் ஊடே வர, சுகந்தியின் கதை நகர்ந்தது. மூன்றாவது வாரம் அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். ரகு வராந்தாவில் நிற்கிறான். டாக்டர் கதவைத் திறந்துகொண்டு வெளியே வருகிறார்...

இவர் நிறுத்திவிட்டார்.

"என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. எழுத்து பொடிசா இருக்கு."

சொம்புத் தண்ணீரை எடுத்துக் குடிக்கிற சத்தம் கேட்டது. பிறகு, முன்னைவிட மெதுவாக, வார்த்தை வார்த்தையாகப் படித்தார். சுகந்தி கண் விழித்தாள். ஆபத்து தாண்டிவிட்டது என்றார் டாக்டர். குனியக்கூடாது, இருமக்கூடாது, தலைக்குக் குளிக்கக்கூடாது என்றும் சொன்னார்.

நெஞ்சுக் கோளாறுக்காரி தலைக்குக் குளித்தால் என்னவாம்?

காதைத் தீட்டிக்கொண்டேன். ரகு பேசினான். மெட்ராசில் பிறந்து மெட்ராசில் வளர்ந்த ரகு, "இங்குட்டுத் திரும்பு. இந்தக் கஞ்சியக் குடி" என்றான். பிறகு ஒரு வேண்டுதல் செய்துகொண்டான். "குன்றக்குடி முருகா, இவளுக்கு நல்லாக் கண்ணு தெரி... உடம்பு தேறிட்டா, உன் சன்னதியில வந்து முடி எறக்குறேன்."

இவ்வளவு நேரத்துக்கும் பக்கம் புரளும் சத்தம் ஒரு தடவைகூட வரவில்லை. அதைவிட முக்கியம், விளம்பரம் வரவில்லை. ஒரு ஸ்பூன் மருந்து இல்லை, ஒரு கட்டி சோப்பு இல்லை. எனக்குத் தெரிந்து விளம்பரம் இல்லாத அத்தியாயம் அந்தப் பத்திரிகையில் வந்ததே கிடையாது.

சந்தேகம் தீர அதிக நாள் ஆகவில்லை. எங்கள் வீட்டில் படித்து முடித்ததும் அந்தப் பத்திரிகை எதிர்வீட்டு ஆச்சிக்குப் போகும். பல வருஷத்து வழக்கம். இவரும் வழக்கப்படி கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். எல்லாவற்றையும் யோசித்த மனிதர், இதை யோசிக்கவில்லை.

ஆச்சி என்னைப் பார்க்க வந்தார். உட்காரும்போதே ஆரம்பித்துவிட்டார். "ஏத்தா, அந்தச் சுகந்திப் புள்ளைய இப்படி அநியாயமாக் கொன்னுபுட்டானே. படிச்சதுலேருந்து எனக்குச் சோறு எறங்கல..."

திடீரென்று பேச்சு நின்றது. இவர் அந்தப் பக்கம் என்ன ஜாடை காட்டினாரோ, எனக்குத் தெரியாது. நாற்காலி நகர்ந்த சத்தம் மட்டும் கேட்டது.

"நான் சொல்றது வேற கதைத்தா" என்றார் ஆச்சி. "வேற பத்திரிகையில வருது."

எங்கள் வீட்டுப் பத்திரிகையைத் தவிர ஆச்சி வேறு எதையும் தொட்டதில்லை.

ஆக, சுகந்தி செத்துப்போயிருந்தாள். கட்டுக்குள் கண் சூடாகியது. சத்தியமாகச் சொல்கிறேன், அது சுகந்திக்காக அல்ல. எழுதியிருந்ததை எழுதியிருந்தபடியே படித்துப் பழகிய ஒரு மனிதர், அந்த இடத்துக்கு வந்ததும் நின்று, தண்ணீர் குடித்துவிட்டு, தனக்குத் தெரியாத ஊரில், தனக்குத் தெரியாத ஒரு பெண்ணை என் கண்ணுக்காகப் பிழைக்கவைத்திருக்கிறார். இதற்கு அழாமல் எப்படி இருப்பது? ஆனால் இப்போது அழுதால் அவர் பாடுபட்டது அத்தனையும் வீண். பல்லைக் கடித்துக்கொண்டேன். மூச்சை மெதுவாக இழுத்து விட்டேன்.

"ஆமா ஆச்சி, வேற கதையாத்தான் இருக்கும்" என்றேன். "எங்க சுகந்தி நல்லா இருக்கா. கஞ்சிகூடக் குடிச்சுட்டா."

"குடிக்கட்டும்த்தா, குடிக்கட்டும்" என்றார் ஆச்சி. மூக்கைச் சிந்துகிற சத்தம் கேட்டது. அழ அவருக்குத் தடை இல்லையே.

மறுவாரம் புதுப் பத்திரிகை வந்தது. இவர் பிரித்து வைத்துக்கொண்டு 'வாசித்தார்'. ரகு சுகந்தியை எங்கள் ஊர்ப் பக்கம், குன்றக்குடி மலைக்குக் கூட்டிக்கொண்டு வந்தான். நானும் சும்மா இருக்கவில்லை.

"மலை ஏறிட்டாளா? மூச்சு வாங்கலியா அவளுக்கு?"

"மெதுவாத்தான் ஏறுனா. இவன் கையப் புடிச்சுக்கிட்டான்."

"மேல போயி?"

கொஞ்சம் யோசித்தார். "மேல நின்னு பாத்தா எல்லாம் பளிச்சுன்னு தெரிஞ்சுச்சாம்."

பிறகு மதுரையில் கட்டைப் பிரித்து, புட்டி அடிப்பாகம் மாதிரி ஒரு கண்ணாடி கொடுத்தார்கள். முதலில் தெரிந்தது இவர் முகம். இளைத்திருந்தார்.

"இனிமே அழலாமா டாக்டர்?" என்று கேட்டேன்.

"பார்வைதான் வந்துடுச்சே. இனிமே எதுக்கு அழணும்?" என்றார்.

"கொஞ்சம் பாக்கி இருக்கு" என்றேன். அவருக்குப் புரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் ஆச்சியிடமிருந்து அந்த இதழ்களை வாங்கிப் படித்தேன். சுகந்தியின் மரணத்தை அருமையாக எழுதியிருந்தார் அந்த எழுத்தாளர். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். மரணத்துக்குப் பக்கத்திலேயே கட்டம் கட்டி ஒரு சோப்பு விளம்பரமும் இருந்தது.

போன வெள்ளிக்கிழமை குன்றக்குடி. முடி இறக்கி, தலையில் சந்தனம் பூசி, அடையாளம் தெரியாமல் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். இனியும் பொறுக்க என்னால் முடியவில்லை.

"வேண்டிக்கிட்டது ரகுதான? நீங்க ஏன் அடிச்சுக்கிட்டீக?"

சந்தனத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

"அவன் மலை ஏறிட்டு, முடி எறக்க மறந்து மெட்ராசுக்குப் போயிட்டான். மறுபடியும் இம்புட்டுத் தூரம் வருவானா? சாமி காரியம், நிலுவையில நிக்கக்கூடாதுல்ல."

பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னார். "அன்னைக்கு அந்தத் தந்தியையும் இப்படி வாசிச்சிருக்கணும்."

இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அந்தப் பேச்சு.

"அன்னைக்கு உங்களுக்கு வாசிக்கத் தெரியாது" என்றேன். "இப்பத்தான பழகியிருக்கீக."

கண்ணாடியைக் கழற்றி அவர் கையில் கொடுத்தேன். தம்பிக்கும் சுகந்திக்கும் இவருக்குமாகச் சேர்த்து, பாக்கியை அழுது தீர்த்தேன். அவர் தடுக்கவில்லை. வேட்டி நுனியால் என் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

அந்தத் தொடர்கதை சீக்கிரமே புத்தகமாக வருகிறதாம். எங்களுக்கு வேண்டாம் — சுகந்தி உயிரோடு இருக்கிற பிரதி எங்கள் வீட்டில் இருக்கிறது.