இளஞ்சிவப்பு அறையில் இருபத்திரண்டு ஜோடிக் கண்கள்

துணி தைக்கும் ஆலையின் நர்சுக்குக் 'கண்ணைக்காட்டு அக்கா' என்று பெயர். ஓர் இடத்தில் கால் தரிக்காது. எதிரே வருபவரின் கீழிமையை இழுத்துப் பார்த்த பிறகுதான் நலம் விசாரிப்பார். உள்ளே சிவந்திருந்தால் சரி. வெளிறியிருந்தால் ரத்தக்குறைவு.

"என் கண்ணையாவது என்கிட்ட விட்டு வைம்மா" என்று கணவர் கும்பிடாத நாளில்லை.

வெளிறுவதிலும் பல வகை உண்டு. பயத்தில் வெளிறிய முகம் கணத்தில் பழைய நிறத்துக்குத் திரும்பிவிடும். காய்ச்சலில் வெளிறியது வாரத்தில் தேறும். அரைவயிற்றோடு பத்து மணி நேரம் நின்று இஸ்திரி போடுகிறவளின் வெளிறல் மட்டும் வருஷக்கணக்கில் ஊறி வரும். அதற்குத் தலையெழுத்து என்று பெயர் வைத்தால் அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வரும். "தலையில பேன்தான்டி இருக்கும், எழுத்து எங்க இருக்கு?"

அந்த அக்காவே ஏமாந்த நாள் ஒன்று உண்டு. மேலாளர் மருத்துவ அறைக்குப் புதிதாக இளஞ்சிவப்பு அடித்திருந்தார். அன்று காலை அங்கே இஸ்திரிப் பிரிவின் இருபத்திரண்டு பெண்களையும் சோதித்து, எல்லோருக்கும் 'வேலைக்குத் தகுதி' என்று அக்கா கையெழுத்திட்டார். மதியத்துக்குள் அவர்களில் ஒருத்தி மேசையடியில் சுருண்டு விழுந்தாள். முற்றத்துக்குத் தூக்கி வந்து இமையை இழுத்தால், வெள்ளைக் காகிதம்! காலையில் சிவந்திருந்த அதே கண்.

அக்கா அறைக்குள் ஓடிப்போய் ஒரு வெள்ளைத் துணியை விரித்தார். துணியும் சிவந்தது. சுவரின் வேலை. நேரே மேலாளரிடம் போனார்.

"திரும்பப் பார்க்கணும் சார். வெளிச்சத்துல."

"சும்மா பயந்து வெளுத்திருப்பா. ஏம்மா ஊதிப் பெருசாக்குறீங்க? கையெழுத்து உங்களுது. தப்புன்னா உங்க வேலைதான் போகும்."

"தப்புதான். எழுதியே தர்றேன்."

'காலையில் நான் பார்த்தது தவறு' என்று பதிவேட்டில் எழுதிவிட்டு, நாற்காலியை முற்றத்துக்கு இழுத்துப் போட்டார்.

"காலைலதானே பார்த்தீங்க? அதுக்குள்ள வேற கண்ணா முளைச்சிருக்கும்?" என்றாள் வரிசையில் முதலாமவள்.

"வாயை மூடு, கண்ணைத் திற."

பதினொரு பேர் வெளிறியிருந்தார்கள். ரத்தப் பரிசோதனை, அதுவரை உட்கார்ந்து செய்யும் வேலை என்று பதினொரு சீட்டு எழுதினார். மேலாளர் கையெழுத்துப் போட மறுத்தார். இருபத்திரண்டு பேரும் முற்றத்திலேயே உட்கார்ந்துவிட்டார்கள். இஸ்திரிப் பெட்டிகள் ஆறின. வெளியே லாரி காத்திருந்தது. ஒரு மணி நேரத்தில் மேலாளரின் பேனா இறங்கி வந்தது.

பதினொரு பேரும் மருத்துவமனை வேனில் ஏறினார்கள். கூடவே அக்காவிடம் விளக்கம் கேட்டு ஒரு கடிதம் வந்தது. பதினொரு பேரைத் தப்பாகப் பார்த்ததற்கல்ல, ஒரு மணி நேர உற்பத்தி கெட்டதற்கு! பதில் எழுத உட்கார்ந்தவர், நான்கு வரி எழுதுவதற்குள் மூன்று முறை எழுந்து, வேன் திரும்பிவிட்டதா என்று வாசலுக்குப் போய்ப் பார்த்தார்.