அக்கா பக்கம் புரட்டும் நேரம்

என் தங்கைக்குக் கண் தெரியாது. எனக்குப் பொறுமை கிடையாது. இரண்டில் எது பெரிய குறை என்று வீட்டில் அவ்வப்போது பேச்சு வரும். பெரும்பாலும் நான்தான் தோற்பேன்.

அவள் அரசு வேலைக்கான தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். வயது வரம்பின்படி அதுதான் கடைசி வாய்ப்பு. அதை விட்டால் ஆயுசுக்கும் ஏரிக்கரைக் கொட்டகையில் இறால் உரிக்க வேண்டியதுதான். தடவிப் பார்த்தே தலையைக் கிள்ளி ஓட்டைக் கழற்றுவாள். கைக்குத்தான் வேலை, காது சும்மா இருந்தது. அதனால் வினா விடைப் புத்தகத்தை என் போனில் வாசித்துப் பதிந்து, கழுத்தில் மாட்டிக்கொள்ளும் சின்ன பிளேயரில் ஏற்றிக் கொடுப்பேன். காலையில் ஓடவிட்டால் வேலை முடிந்து கை கழுவும்வரை அது ஓடும். போனையே கொடுக்கலாமே என்றால், ஏற்கெனவே ஒரு போன் இறால் தண்ணீரில் விழுந்து செத்திருந்தது.

வாசிப்பதற்குள் உயிர் போய்விடும். கேள்வியெல்லாம் முன்னால், விடையெல்லாம் கடைசிப் பக்கங்களில். ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் புரட்டி, விரல் வைத்துத் தேட வேண்டும். இப்படி அச்சடித்தவன் மட்டும் கையில் கிடைத்தால் என்று பல்லைக் கடித்துக்கொண்டே தேடுவேன்.

தேர்வு நெருங்கியபோது மெமரி கார்டு நிரம்பிவிட்டது. வரலாறு முழுக்க வெளியே நின்றது. பெரிய கார்டு போட்டால் அந்த பிளேயர் வாயே திறக்காது. காட்டுப்பள்ளிக்கு வேலைக்குப் போகும் பஸ்ஸில், கம்பியைப் பிடித்து நின்றபடியே போனை நோண்டினேன். ஆடியோவைச் சுருக்கும் ஆப் ஒன்று கிடைத்தது. அதில் ‘மௌனத்தை நீக்கு’ என்று ஒரு பொத்தான். ஆகா, நான் புரட்டிய நேரம்தானே வெட்டியாக இடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறது, ஒழியட்டும் என்று அழுத்தினேன். பாதிக்குப் பாதி குறைந்தது. போனிலும் இடமில்லையென்று பழைய பதிவுகளை அங்கேயே அழித்தேன். சுருக்கியதையெல்லாம் அன்று மாலையே கார்டில் ஏற்றிவிட்டேன்.

மறுநாள் நான் வேலையிலிருந்து நேராகக் கொட்டகைக்குப் போனபோது, அவள் பிளேயர் இல்லாமல் உரித்துக்கொண்டிருந்தாள்.

“இன்னாக்கா பண்ணி வச்சிக்கிற? கேள்விய சொன்ன வாயோட பதிலையும் சொல்லிட்ற. நான் எப்ப யோசிக்கிறது?”

நிறுத்தி நிறுத்திக் கேட்பதுதானே என்றேன். அவள் இரண்டு கைகளையும் நீட்டினாள். முழங்கைவரை இறால் கொழகொழப்பு. அந்தக் கையால் பொத்தானைத் தொட முடியாது. கேள்விக்கொரு தரம் கழுவித் துடைத்தால் கூடை எப்போது காலியாகும்? நான் புரட்டுகிற நேரத்தில்தான் அவள் விடையை வாய்க்குள் சொல்லிப் பார்த்து, அப்புறம் நான் சொல்வதோடு ஒத்துப் பார்த்திருக்கிறாள். அதைத்தான் வெட்டிப் போட்டிருக்கிறேன். எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. நான் வாசிக்கும்போது வெளியே ஏரியில் போன மோட்டார் படகுச் சத்தத்தையெல்லாம் அந்த அறிவுகெட்ட ஆப் பத்திரமாக வைத்திருந்தது.

அதற்குப் பிறகுதான் உருப்படியாகத் தேடினேன். என் போன் இரண்டு காதுக்கும் தனித்தனியாக, ஸ்டீரியோவில் பதிந்துகொண்டிருந்தது. ஒருத்தி பேசுவதற்கு அது எதற்கு? மோனோவாக்கி, தரத்தையும் பேச்சுக்குப் போதுமான அளவுக்கு இறக்கினேன். புதிதாக வாசித்துப் பதிந்த ஒரு பாடம், ஒரு மௌனத்தையும் தொடாமலே கால்வாசி இடத்தில் அடங்கிவிட்டது. குரல் கொஞ்சம் தகரமாக இருக்கிறது, பரவாயில்லை என்றாள்.

லீவு போட்டுவிட்டு எல்லாவற்றையும் மறுபடி வாசித்தேன். இதற்குள் பாதி விடைகள் எனக்கே மனப்பாடம். கேள்வியை முடித்ததும் விடை நாக்கு நுனியில் வந்து நிற்கும். உதட்டைக் கடித்துக்கொண்டு, தேவையில்லாத பக்கங்களைப் புரட்டிக்கொண்டிருப்பேன். அதைப்போல ஒரு வேதனை எனக்கு வேறில்லை.

தேர்வு பொன்னேரியில். கேள்வியைப் படித்துக் காட்டி, அவள் சொல்லும் விடையைக் குறிக்க ஓர் அம்மாவைப் போட்டிருந்தார்கள். நான் வாசலில் நிற்கவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். வெளியே வந்தவளை எப்படி எழுதினாய் என்று கேட்பதற்குள் எனக்கு மூச்சு வாங்கியது.

எல்லாவற்றுக்கும் சொல்லிவிட்டாளாம். அந்த அம்மாதான் ஒவ்வொரு கேள்விக்கும் சீக்கிரம், சீக்கிரம் என்று அவசரப்படுத்திக்கொண்டே இருந்தாராம்.

“நீ இன்னா சொன்ன?”

“இரும்மா, எங்கக்கா இன்னும் பொரட்டிக்கினு கீதுன்னேன்.”