விங் கமாண்டர் விமானம் ஏறப் போன கதை

கடையில் எல்லோரும் அவரை விங் கமாண்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். கடை என்றால் கைக்கடிகாரக் கடை. அதிலும் சாதாரணப்பட்டதில்லை, காவலாளி ஒரு தடவை ஏற இறங்கப் பார்த்த பிறகுதான் கதவே திறக்கும். போர் விமானிகளுக்கென்று ஒரு காலத்தில் செய்த கடிகாரங்களின் சாயலில், இன்று காரை விற்றால்தான் வாங்க முடிகிற விலையில் வரும், சாவி கொடுத்து ஓடும் கடிகாரங்கள் அங்கே தனிக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கின்றன. பெட்டிக்குப் பின்னால் இருபத்திரண்டு வருடமாக நிற்பவர் நம் ஆள். காலையில் பெட்டகத்திலிருந்து ஒன்றை எடுத்துக் கட்டிக்கொண்டு வியாபாரம் பார்ப்பார். கடை மூடும்போது அதைக் கழற்றித் துடைத்து வைத்துவிட்டு வெறுங்கையோடு பஸ் ஏறுவார்.

"இந்தக் குமிழ் ஏன் இவ்வளவு பெருசு தெரியுமா சார்? மேல போனா எலும்பு உறையற குளிர். கையில தடிமனா உறை. உறையைக் கழட்டாமலே சாவி குடுக்கணும்ல?" என்று அவர் ஆரம்பித்தால், வாழ்நாள் முழுக்கக் குளிரூட்டிய அறையிலேயே இருந்தவர்கூட நடுங்கிக்கொண்டே கார்டை நீட்டுவார்.

அவருடைய கைவரிசை கடைசியில்தான். குமிழை வெளியே இழுப்பார். விநாடி முள் அப்படியே நிற்கும். "கிளம்பறதுக்கு முன்னாடி எல்லா விமானியும் இப்படி இழுத்துப் பிடிச்சுக்குவாங்க. தலைவர் 'இப்போ'ன்னு சொன்னதும் ஒண்ணா அமுக்குவாங்க. ஒரு விநாடி பிசகாது." அமுக்கிவிட்டு, தானே குண்டு போட்டுத் திரும்பியவர் மாதிரி ஒரு பெருமூச்சு விடுவார். நிஜ விமானி ஒருவர் ஒரே ஒருமுறை கடைக்குள் வந்தார். ரப்பர் வார் போட்ட தன் எலக்ட்ரானிக் வாட்ச்சுக்கு பேட்டரி கிடைக்குமா என்று கேட்டார். கிடைக்காது என்றதும் போய்விட்டார்.

இவ்வளவு கரைத்துக் குடித்தவர் வாழ்க்கையில் ஒருமுறைகூட விமானத்தில் கால் வைத்ததில்லை. பயம். சாதாரணப் பயமில்லை. நன்றாக விற்றவர்களைச் சின்ன விமானத்தில் ஒரு சுற்று சுற்றிக் காட்டுகிறோம் என்று ஒரு வருடம் கம்பெனி அழைத்தபோது, முந்தைய நாளே காய்ச்சலை வரவழைத்துக்கொண்டார். ஆகவே அந்தப் பட்டப்பெயரில் மரியாதை பாதி, நக்கல் பாதி. அது அவருக்கும் தெரியும்.

அவருக்கு ஒரே மகள். கல்யாணமாகிக் கடல் தாண்டிப் போய் ஆறு வருடம். மூன்று தடவை கூப்பிட்டாள். மூன்று தடவையும் 'சீசன் நேரம்மா, முதலாளி விடமாட்டார்' என்று தட்டிக் கழித்தார். முதலாளி தன் மீது இப்படி ஒரு பழி இருப்பதே அறியாத மனிதர். இப்போது அவளுக்குத் தலைப்பிரசவம். வியாழக்கிழமை அறுவை சிகிச்சை. அம்மா உயிரோடு இல்லை. "நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்பா. என்னை வெளிய கொண்டு வர்றப்போ வாசல்ல நில்லுங்க, போதும்" என்றாள். இதைத் தட்டிக் கழிக்க உலகத்தில் எந்தச் சாக்கும் இல்லை. செவ்வாய்க்கிழமைக்கு டிக்கெட்டும் அவளே அனுப்பிவிட்டாள்.

முதலாளி பூரித்துப்போனார். "மக வீட்டுக்குப் போறீங்க, மொட்டைக் கையோடயா போவீங்க?" என்று பெட்டகத்திலிருந்து ஒரு கடிகாரத்தை எடுத்துத் தானே கட்டிவிட்டார். கூடவே ஐம்பது விசிட்டிங் கார்டையும் சட்டைப்பையில் திணித்தார். ஆதாயம் இல்லாமல் ஆற்றோடு போகிற ஆள் இல்லை அவர்.

விமானத்துக்கு ஆகாது என்று யாரோ சொன்னதைக் கேட்டு, கைப்பேசியை வீட்டிலேயே அணைத்துவிட்டார். சோதனையெல்லாம் முடிந்து உள்ளே வந்து, கண்ணாடிக்கு அப்பால் விமானங்கள் கண்ணில் படாத மூலையாகத் தேடி உட்கார்ந்தார். பக்கத்தில் கோட்டு போட்ட ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"நல்ல வாட்ச் சார். பைலட் வாட்ச்தானே?"

போதாதா? குளிர் வந்தது, உறை வந்தது, குமிழ் வெளியே வந்தது. விநாடி முள் நின்றது. மணி பதினொன்று பத்து. "தலைவர் 'இப்போ'ன்னு சொன்னதும்" என்று அவர் சொல்லும்போதே கோட்டுக்காரருக்கு போன் வந்தது. கார்டை வாங்கிக்கொண்டு அவர் எழுந்து போய்விட்டார்.

ஒரு நாளைக்குப் பத்துத் தடவை இழுத்து அமுக்குகிற குமிழ் அது. தூக்கத்தில்கூட விரல் தானாக அமுக்கிவிடும். அன்றைக்கு அமுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பார்த்தார், பதினொன்று பத்து. பிறகு ஒரு காபி குடித்துவிட்டுப் பார்த்தார், பதினொன்று பத்து. ஒலிபெருக்கியில் யாரையோ பெயர் சொல்லி அழைத்தார்கள். இரண்டாவது தடவையும் அழைத்தார்கள். அது தன் பெயர் என்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் நேரம்தான் இன்னும் ஆகவில்லையே. அத்தனை விலை உள்ள கடிகாரமா பொய் சொல்லும்?

விமானம் போய்விட்டது. "கடிகாரம் நின்னுபோச்சு" என்று கவுண்டரில் இருந்த பெண்ணிடம் சொன்னார். அவள் அவர் மணிக்கட்டைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், வெளியே போகிற வழியைக் காட்டினாள்.

வெளிக்கூடத்தில் உட்கார்ந்து கைப்பேசியை உயிர்ப்பித்ததும் மகள் அழைத்தாள்.

"எங்கப்பா இருக்கீங்க?"

"வாட்ச் நின்னுபோச்சும்மா. என்னன்னா, இந்த மெக்கானிக்கல் வாட்ச்ல..." என்று கடைக் குரலில் தொடங்கினார். எதிர்முனையில் மூச்சு வாங்குகிற சத்தம் கேட்டது. நிறைமாதக்காரியின் மூச்சு. அவரை வெட்கம் பிடுங்கித் தின்றது.

"நின்னுபோகலம்மா. நான்தான் நிறுத்தினேன். நிக்குதுன்னு தெரிஞ்சும் உட்கார்ந்தே இருந்தேன். பயம்மா. சின்னப் பயம் இல்ல. இத்தனை நாளும் முதலாளி மேல பழி போட்டதெல்லாம் இதனாலதான்."

"தெரியும்பா."

"தெரியுமா?"

"எனக்குத் தெரியாதா? நாளைக்குக் காலையில ஒரு டிக்கெட் இருக்கு. போன வாரமே எடுத்துட்டேன்."

"போன வாரமேவா? அப்போ இன்னைக்கு எடுத்தது?"

"அது நீங்க தவற விடறதுக்குப்பா. நாளைக்கு எடுத்ததுதான் ஏறுறதுக்கு. வேற டிக்கெட் இல்ல."

சரிம்மா என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். வாசலில் டாக்சிக்காரர்கள் கூப்பிட்டார்கள். வீடு அரைமணி நேரத் தூரம்தான். ஆனால் வீட்டுக்குப் போனால் தான் திரும்பி வரப்போவதில்லை என்பது அவருக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வெளிக்கூடத்தில் இருந்த கவுண்டர் பெண்ணிடம் போனார்.

"நாளைக்குக் காலை வரைக்கும் நான் எங்கம்மா உட்காரலாம்?"