வாயில் கரண்டி, கரண்டியில் தேசிக்காய்

காலை ஒன்பது பத்து. தர்மபுரம் பள்ளிக்கூட மைதானத்தில் முதலில் கண்ணில் பட்டது மகளின் மூடிய உதடுகள். நடுவே கரண்டி, அதில் தேசிக்காய்.

சின்ன வயதில் அக்கராயன் பள்ளிக்கூடத்தில் நானும் இதே ஓட்டம் ஓடினேன். மூக்கால் மூச்சு வராது. பாதி வழியில் வாய் திறக்கும், கரண்டி விழும். அக்கா கத்துவா:

"வாயை மூடடி!"

"மூடினா மூச்சுவிடேலாது!"

மைதானமே சிரிக்கும், நானும்தான்.

வாயால் மூச்சுவிட்டு வளர்ந்ததில் என் முகம் நீண்டு, மேல்தாடை ஒடுங்கிவிட்டது. மகளுக்கும் அப்படித் தொடங்கியபோது முதலில் மூக்கடைப்பைக் குணமாக்கினார்கள். பிறகு பல் வைத்தியர் அண்ணத்தில் தகடு மாட்டி, மேல்தாடையை மெல்ல மெல்ல விரித்தார்.

இன்றும் முடிவுக் கோட்டருகே அக்கா பழக்கதோசத்தில் கத்தினா: "வாயை மூடடி!"

மகள் கோட்டைத் தாண்டித்தான் கரண்டியை எடுத்தாள். "மூடித்தானே ஓடினனான், பெரியம்மா!"

அந்தத் தேசிக்காயை மத்தியானம் தேங்காய்ப்பால் சொதிக்குப் பிழிந்தோம்.