என் ஃப்ளோர் டாம் கூடப் பாடிய கதை

1. "ஆமா மாஸ்டர்"

வைட்ஃபீல்டில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியின் ஆண்டு விழா. பாட்டுக்குள் கீபோர்டு நுழைந்த அந்த ஒரு நொடியில் எங்கள் ஆர்கெஸ்ட்ராவின் மானம் கப்பலேறியது.

எங்கள் லீடர் மஞ்சு மாஸ்டர் தானே மெட்டுப் போட்ட படகுப் பாட்டு அது. முதல் சரணம் முடியும்வரை கீபோர்டு, கிடார் எதுவும் கிடையாது. புஷ்பாவின் குரலும் என் ஃப்ளோர் டாமும் மட்டும்தான். ஃப்ளோர் டாம் என்பது ட்ரம்ஸ் செட்டில் வலது பக்கம் மூன்று காலில் நிற்கும் பெரிய ட்ரம். துடுப்புப் போடுவது மாதிரி நான் அதில் தம், தம் என்று அடித்துக்கொண்டிருப்பேன். சரணம் முடிந்ததும் மாஸ்டர் கீபோர்டில் கை வைப்பார். அன்றும் வைத்தார். பாட்டு ஒரு பக்கம் போனது, கீபோர்டு ஒரு பக்கம் போனது. முன்வரிசையில் ஐடி கார்டோடு உட்கார்ந்திருந்தவர்கள் முகத்தைச் சுளித்தார்கள்.

மேடைக்குப் பின்னால் வந்ததும் மாஸ்டர் கொதித்தார். கன்னடக்காரர், கோபத்திலும் எல்லோரையும் 'குரு' என்றுதான் கூப்பிடுவார்.

"இதோட மூணாவது ப்ரோக்ராம். ரிகர்சல் ரூம்ல நல்லாத்தான் பாடறாங்க. ஸ்டேஜ் ஏறினா புஷ்பாக்கு ஸ்ருதி எறங்குது. பயம் வந்துடுச்சு, அவ்ளோதான். ஏன் ஆல்பர்ட்டு, நீ சொல்லு குரு, எறங்குதா இல்லையா?"

"ஆமா மாஸ்டர், எறங்குது," என்றேன்.

இப்போது உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அன்றைக்கு நான் ட்ரம்ஸ் வாசிக்க ஆரம்பித்து முப்பத்தொரு வருடம். ஸ்ருதி என்றால் என்னவென்று எனக்குத் தெரியாது. தாளம் கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். ஆனால் யாராவது ஸ்ருதி விலகினால், மற்றவர்கள் முகம் மாறுவதைப் பார்த்து நானும் என் முகத்தை மாற்றிக்கொள்வேன். அப்படியே காலத்தை ஓட்டிவிட்டேன். என்னைப்போல ட்ரம்மர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், யாரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

திரும்பினால் புஷ்பா நிற்கிறார். கையில் அவருடைய பாட்டு நோட்டு.

"அண்ணா, எந்த எடத்துல எறங்கிச்சு? சொல்லுங்க, திருத்திக்கறேன்."

குத்திக் காட்டுவதற்காகக் கேட்டிருந்தால் சமாளித்திருப்பேன். அவர் நிஜமாகவே கேட்டார். பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"அது... அங்கங்க..." என்று இழுத்தேன். அவர் பேனாவை மூடினார்.

மாஸ்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். ஆயுத பூஜைக்கு ஹெப்பகோடியில் ஒரு ஃபேக்டரி ப்ரோக்ராம் இருக்கிறது, அதுவரை பார்ப்பது, அங்கேயும் இறங்கினால் புதுப் பாடகி. இருபத்திரண்டு வருடமாக எங்களோடு பாடுகிறவர் புஷ்பா. வேனில் அவர் உட்காரும் ஜன்னல் சீட்டில் வேறு யாரும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் எனக்கு வெட்கமாக இருந்தது.

2. தொடையில் தட்டாதீர்கள்

அடுத்த சனிக்கிழமை ராஜாஜிநகரில் ஒரு பாட்டு வகுப்பில் போய்ச் சேர்ந்தேன். எனக்கு வயது ஐம்பத்து நான்கு. டீச்சர் காவ்யாவுக்கு இருபத்தேழு. வீட்டில் கன்னடம் பேசுகிறவர், எனக்காகத் தமிழில் சொல்லிக்கொடுத்தார்.

"சார், கை பேடா, வேண்டாம். தொடையில தட்டறத நிறுத்துங்க. ஸ்வல்ப கேளுங்க, அப்புறம் பாடுங்க."

கையை நிறுத்தினால் கால் ஆடியது. காலை நிறுத்தினால் தலை ஆடியது. ஒரு மாதம் கழித்து, "எப்படி டீச்சர் போறேன்?" என்று கேட்டேன்.

"தாளத்துக்கு நூத்துக்கு நூறு சார். ஸ்வரத்துக்கு நான் இன்னும் பேப்பரே திருத்தல," என்றார்.

ஒன்றரைக் கட்டை என்ற ஸ்ருதியை என் 'ஸ' என்று வைத்துக் கொடுத்தார். எனக்குப் பெரிய வில்லன் கீழ் 'ப'. ஸ-விலிருந்து கீழே இறங்கிப் பிடிக்க வேண்டிய அந்த ஸ்வரத்தில் நிற்கத் தெரியாமல் இன்னும் கொஞ்சம் கீழே வழுக்குவேன். மாடிப்படியில் இன்னொரு படி இருக்கிறது என்று நினைத்துக் காலை வைப்போமே, அது மாதிரி.

"இந்த 'ப' எது தெரியுமா சார்? அஞ்சரைக் கட்டை. அங்க நில்லுங்க, எறங்காதீங்க."

அஞ்சரை என்றதும் எனக்கு மாஸ்டர் குரல் ஞாபகம் வந்தது. படகுப் பாட்டுக்கு முன்னால் மேடையில் "அஞ்சரை!" என்று கத்துவார். புஷ்பா அந்தப் பாட்டைப் பாடுவது அந்தக் கட்டையில்தான். அத்தனை வருடம் காதில் விழுந்த வார்த்தை, அன்றுதான் அது ஒரு சத்தம் என்று புரிந்தது.

3. நின்றுபோன ரயில்

எங்கள் வீடு ஒக்கலிபுரத்தில், தண்டவாளத்துக்குப் பக்கத்தில். மாடியில் ஷீட் போட்ட ஒரு அறையில் என் ட்ரம்ஸ் செட் இருக்கும். ட்ரம்ஸை ஊர் கேட்க அடிக்கத் தயங்காத எனக்குப் பாடுவதற்குக் கூச்சம். அதனால் ரயில் போகும்போது மட்டும் பாடுவேன். என் மனைவி ரோசி முதல் நாள் கீழேயிருந்து, "மேல மிக்ஸி எதுக்கு எடுத்துட்டுப் போனீங்க?" என்று கேட்டதிலிருந்து இந்த ஏற்பாடு.

ஹெப்பகோடி ப்ரோக்ராமுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, காலை ஏழரை மணி ரயில் வரும் சத்தம் கேட்டுக் கீழ் 'ப'வை எடுத்தேன். ரயில் சிக்னலில் நின்றுவிட்டது. திடீரென்று எல்லாம் அமைதி. நான் மட்டும் பாடிக்கொண்டிருக்கிறேன். அப்போது அறைக்குள் இன்னொருவர் 'ம்ம்ம்' என்று கூடப் பாடுவது கேட்டது.

நிறுத்தினேன். அந்தச் சத்தமும் அடங்கியது. மறுபடி பாடினேன். மறுபடி வந்தது. மூலைக்குப் போய் ஃப்ளோர் டாமின் தோலில் கை வைத்தேன். அது நடுங்கிக்கொண்டிருந்தது. யாரும் அடிக்காமலே என் குரலுக்கு என் டாம் பாடுகிறது! முப்பத்தொரு வருடம் அடித்த எனக்கு, அதற்கு ஒரு ஸ்வரம் இருப்பது அன்றுதான் தெரிந்தது. சின்னப் பிள்ளை மாதிரி சிரித்தேன்.

செல்போனில் ஸ்ருதிப்பெட்டியைப் போட்டு மறுபடி பாடிப் பார்த்தேன். 'ப' சரியாக நின்றால் டாம் சும்மா இருந்தது. கொஞ்சம் வழுக்கினால் உடனே கூடப் பாடியது. எனக்குக் கிடைத்த ஒரே ரசிகன், அவனும் நான் தப்பாகப் பாடினால் மட்டும் கைதட்டுகிறான்!

அந்தச் சிரிப்போடுதான் அது உறைத்தது. அந்த 'ப' அஞ்சரைக் கட்டை. என் டாம் அதற்குக் கொஞ்சம் கீழே பாடுகிறது. நாலு மாதம் முன்பு மாஸ்டர் புது சவுண்ட் செட் வாங்கியிருந்தார். அதிலிருந்து மேடையில் ஒவ்வொரு ட்ரம்முக்கும் தனி மைக். அந்தச் சத்தம் புஷ்பாவின் காலடியில் இருக்கும் மானிட்டர் ஸ்பீக்கரில் வரும். ரிகர்சல் ரூமில் மைக்கும் இல்லை, மானிட்டரும் இல்லை. ஆகவே அங்கே சரியாகப் பாடுகிறார். மேடையில் என் டாம் தம், தம் என்று அவரைக் கீழே இழுத்திருக்கிறது. பிடித்துக்கொள்ளக் கீபோர்டும் இல்லை.

ரோசியைக் கூப்பிட்டுத் தோலில் கை வைக்கச் சொல்லிப் பாடிக் காட்டினேன்.

"அப்போ அந்தம்மா மேல தப்பே இல்லையா? போன் போட்டுச் சொல்லுங்க மொதல்ல."

"மைக் வெச்சுப் பாக்காம சொன்னா, மறுபடியும் தெரியாததப் பேசின மாதிரி ஆயிடும்டி."

4. ஹெப்பகோடி

ஃபேக்டரி மைதானத்தில் பந்தல். மிஷின்களுக்கெல்லாம் மாலை போட்டுப் பூஜை முடித்திருந்தார்கள். மதியம் மூன்று மணிக்கு சவுண்ட் செக். தொழிலாளர்கள் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். புஷ்பா ஓரமாக நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்.

"மாஸ்டர், ஒரு விஷயம். புஷ்பா எறங்கல. என் ஃப்ளோர் டாம்தான் எறங்கியிருக்கு. நான் அன்னிக்கு ஆமான்னு சொன்னது தப்பு. எனக்கு ஸ்ருதியே தெரியாது மாஸ்டர்," என்றேன். மைக் ஆனில் இருந்தது. நாற்காலி போட்டவர்கள் வரைக்கும் கேட்டுவிட்டது.

"ஸ்ருதி தெரியாதவன் சொல்றத நான் எப்படி நம்பறது?"

"ரெண்டு மாசமா கத்துக்கறேன் மாஸ்டர்."

"ஹௌதா, அப்படியா? அப்போ அஞ்சரை பாடு பாப்போம். மைக்ல."

கண்ணை மூடி, கையையும் காலையும் அடக்கி, கீழ் 'ப'வைப் பிடித்தேன். குரல் கரகரத்தது, ஆனால் இறங்கவில்லை. மாஸ்டர் கீபோர்டில் ஒரு விரலை வைத்தார். இரண்டும் ஒன்றாகப் போனது. பந்தலில் யாரோ விசில் அடித்தார்கள்.

"சரியாகிதே! சரியா இருக்கு!" என்றார் மாஸ்டர், நம்ப முடியாமல்.

முதலில் டாமைத் தொடாமல் அப்படியே வைத்துப் புஷ்பாவைப் பாடச் சொன்னோம். சரண முடிவில் கீபோர்டு விலகியது. நான் ட்ரம் கீயை எடுத்து, டாமைச் சுற்றியிருக்கும் போல்ட்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். ஒவ்வொரு சுற்றுக்கும் தட்டி, பாடிப் பார்த்து, மறுபடி இறுக்கினேன். டாம் அஞ்சரைக்கு ஏறி நின்றது. மறுபடியும் பாடச் சொன்னோம். இந்த முறை மாஸ்டர் கீபோர்டில் கை வைத்ததும் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்தது. புஷ்பா பாட்டை நிறுத்திவிட்டு முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார். மாஸ்டர் எழுந்து போய், "சாரிம்மா. நான்தான் அவசரப்பட்டுட்டேன்," என்றார்.

அன்று மாலை அந்தப் பாட்டுக்கு ஒன்ஸ்மோர் கேட்டார்கள். என் டாம் தம்புரா மாதிரி புஷ்பாவுக்குக் கீழே நின்றது. இத்தனை வருடத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் வாசிப்பில் அனுபவித்ததில்லை.

புதிதாக ஸ்டிக் பிடிப்பவர்களுக்கு ஒன்று சொல்வேன். வேறு கட்டையில் பாடும் பாட்டுகளுக்கு டாம் மேல் ஒரு துணியை மடித்துப் போட்டால் இழுப்பு அடங்கிவிடும், அது சின்ன விஷயம். பெரிய விஷயம், தெரியாததற்குத் தலையாட்டாதீர்கள். போய்க் கற்றுக்கொள்ளுங்கள், வயதைப் பார்க்காதீர்கள். நான் இப்போது ஆரம்பப் பாடமான ஜண்டை வரிசையில் இருக்கிறேன். காவ்யா டீச்சர் பேப்பர் திருத்த ஆரம்பித்துவிட்டார், மார்க் எவ்வளவு என்று மட்டும் கேட்காதீர்கள்.

அன்று திரும்பும் வேனில் புஷ்பா அவருடைய ஜன்னல் சீட்டில் உட்கார்ந்து, பின்னால் திரும்பிக் குறும்பாகச் சிரித்தார்.

"அண்ணா, இன்னிக்கு எந்த எடத்துல எறங்கிச்சு?"

"ரெண்டாவது சரணத்துல, கடைசி இழுப்புல. ஒரே ஒரு எடம், கொஞ்சூண்டு," என்றேன்.

மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். புஷ்பா கண்ணை மூடி அந்த வரியை மெல்லப் பாடிப் பார்த்தார்.

"ஆமாண்ணா. அங்க மூச்சு பத்தல," என்று சொல்லி, நோட்டைத் திறந்து குறித்துக்கொண்டார்.