துருவோடு போன இலக்கம்

வானொலி நிலையத்தில் தொழில்நுட்ப வேலை பார்த்து ஓய்வுபெற்று நெடுந்தீவுக்கு வந்தவன் நான். மீனவர் அந்தோனி, தன் தகப்பன் ஸ்டீல் கிற்றார் வாசித்த பழைய அம்பிளிபயரை என்னிடம் கொண்டுவந்தார். உள்ளே இருப்பது தொழிற்சாலையிலேயே பூட்டிய அசல் ஸ்பீக்கர்தான் என்று நிரூபித்தால், கொழும்பில் பழம்பொருள் சேர்க்கும் ஒருவர் அதற்குப் படகு எஞ்சின் தருவாராம். அந்தோனியின் எஞ்சின் பழுதாகி இரண்டு மாதம்.

ஸ்பீக்கரின் இரும்பு விளிம்பில் மையால் அச்சிட்ட தயாரிப்பு இலக்கம்தான் ஒரே சாட்சி. அதை உப்புக்காற்றின் துரு மூடியிருந்தது. முதலில் படம் எடுக்க வேண்டும், பிறகுதான் தொட வேண்டும். நிலையத்தில் இந்த விதியை எழுதிக் கொடுத்தவனே நான்தான். படம் எடுக்காமல் பேனாக்கத்தியால் சுரண்டினேன். துருவோடு இலக்கமும் உதிர்ந்தது.

“நம்பர் தெரியுதே, அண்ணை?” என்று அந்தோனி கேட்டார்.

“இருந்தது. நான் அழிச்சுப்போட்டன்.”

அவர் விளிம்பைத் தடவிப் பார்த்தார். “சரி, விடுங்கோ. படிச்ச ஆக்களுக்கும் கை வழுக்கும்தானே.”

கொழும்புக்காரர் வாங்கவில்லை. அந்தோனி இப்போது அடுத்தவர் படகில் கூலிக்குப் போகிறார். வேலையில் இருந்தபோது இதைவிடச் சின்னப் பிழைகளுக்கு எத்தனை பேரிடம் எழுத்தில் விளக்கம் கேட்டிருப்பேன். அந்தோனி என்னை ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்மேல் எனக்கு இவ்வளவு ஆத்திரம் இருந்திராது.