தினமும் சமைப்பது யார்?

"ஏனுங்க டீச்சர், தெனமும் சமைக்கறேன்னு இவளச் சொல்ல வெக்கறீங்களே, எங்கூட்டு அடுப்புல வேகறது நானுங்க."

இப்படிச் சண்டைக்கு வந்தவர் என் மாணவி இல்லை, மாணவியின் மாமியார். வீட்டில் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுத்துத் தொண்டையைத் தொலைத்த என் இனத்தாருக்குத் தெரியும்: சிம்பிள் பிரசன்ட் டென்ஸ் என்றால் அன்றாடம் செய்வதைச் சொல்வது, அன்றாடம் யார் என்ன செய்கிறார்கள் என்று கேட்டால் எந்தக் குடும்பமும் தாங்காது.

அடுப்படி உரிமை

கோகிலாவின் மகளுக்கு எல்.கே.ஜி. சீட் வேண்டும். திருச்செங்கோட்டில் அவள் ஆசைப்பட்ட பள்ளியில் பிள்ளையை விட்டுவிட்டுத் தாயைத்தான் இங்கிலீஷில் குடைவார்கள். அதற்குத்தான் என்னிடம் வந்தாள். துணைக்கு மாமியார் பாவாயம்மாள்.

கான்வென்டில் சிஸ்டர்களிடம் பிரம்படி வாங்கிப் படித்தவள் நான். "ஐ குக் எவ்ரி டே" என்று ஆரம்பித்தேன். வரிக்கு வரி பாவாயம்மாள் தமிழில் அர்த்தம் கேட்பார். கேட்டுவிட்டு மருமகளைத் திருத்துவார். 'காலையில் ஐந்து மணிக்கு எழுகிறேன்' என்றதற்குச் சிரித்துச் சிரித்து அவருக்கு இருமலே வந்துவிட்டது. பொய்யானால் என்ன, பயிற்சிக்குத்தானே என்றேன்.

"பயிற்சிதானுங்களே? அப்ப, 'எங்க அத்தை ஆக்கறாங்க, நான் திங்கறேன்'னு பயிற்சி குடுங்க."

ஊரில் இல்லாத அப்பா

அடுத்து புருஷன். போர்வெல் ரிக் வண்டியோடு மத்தியப் பிரதேசம் போயிருக்கிறார்; மழைக்காலத்துக்குத்தான் வீடு திரும்புவார். நான் எழுதிக் கொடுத்திருந்ததோ, 'என் கணவர் தினமும் மாலையில் மகளோடு விளையாடுகிறார்' என்று. அந்த வரி வந்தால் மட்டும் கோகிலா நின்றுவிடுவாள். வாய் வரவில்லையா, மனசு வரவில்லையா என்று எரிந்து விழுந்தேன். அன்று அதிசயமாக மாமியாரை முந்திக்கொண்டு கோகிலாவே பதில் சொன்னாள்.

"இன்டர்வியூல பாப்பாவும் பக்கத்துல இருப்பாளுங்க டீச்சர். நீங்க சொல்ற அர்த்தமெல்லாம் அவளுக்கும் தெரியும். அதக் கேட்டா, அப்பா எங்கன்னு அங்கயே தேட ஆரம்பிச்சிருவா."

வாசலில் நின்ற சாட்சி

இன்டர்வியூ அன்று பாவாயம்மாளைப் பள்ளி வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள். உள்ளே, குழந்தைக்கு யார் ஊட்டுகிறார்கள் என்று பிரின்சிபால் கேட்டிருக்கிறார். கோகிலா தொண்டையைச் செருமுவதற்குள் பிள்ளை வாசலைப் பார்த்துக் கையை நீட்டிவிட்டது. வேறு வழியில்லாமல் நிஜத்தையே இங்கிலீஷில் சொல்லியிருக்கிறாள்: அத்தை சமைக்கிறார், ஊட்டுகிறார், திட்டுகிறார், நான் துவைக்கிறேன், திட்டு வாங்குகிறேன், கணவர் வெளியூரில் போர் போடுகிறார், ராத்திரி ஃபோனில் மகளுக்கு முத்தம் கொடுக்கிறார். ஒரு இடத்திலும் தடுக்கவில்லையாம். நான் உருப்போட வைத்ததில் ஒரு வரிகூட அதில் இல்லை.

சீட் கிடைத்துவிட்டது. லட்டு டப்பாவைத் தூக்கி வந்தது மருமகள், பேசியது மாமியார்.

"நீங்க சொல்லிக் குடுத்ததச் சொல்லியிருந்தா சீட்டு போயிருக்கும் அம்மிணி. பரவால்ல, லட்டு எடுத்துக்குங்க."

சேதி தெருவெல்லாம் பரவி, இப்போது என் சோபா முழுக்க மாமியார்கள், மருமகள்களுக்குத் தரைதான். இந்தத் தொழிலில் நான் கண்டது, இங்கிலீஷைச் சொல்லிக் கொடுத்துவிடலாம், அதற்குச் சாட்சி சொல்ல வருகிறவர்களைச் சமாளிக்க முடியாது என்பதுதான். நேற்று வாட்ஸப் குழுவில் போட்டேன்: "நாளை முதல் மாமியார்கள் தயவுசெய்து வீட்டிலேயே இருக்கவும்."

எல்லோரும் பார்த்துவிட்டதாக நீல டிக் காட்டுகிறது; சோபாவில் இன்றும் இடமில்லை.